வெயில் பக்கம் ஏறி நிழல் பக்கம் இறங்கிய நாள்

கிராண்ட் டீட்டன் ஏறப்போகிறேன் என்று யாராவது சொன்னால், பேச்சு முழுக்க ஏறும் வழியைப் பற்றித்தான் இருக்கும். எந்த பிட்ச் (ஒரு கயிறு நீளத்துக்கான ஏற்றம்) கஷ்டம், எங்கே காற்று அடிக்கும், பாறை விரிசலில் செருகும் பாதுகாப்புக் கருவியான கேம் எத்தனை எடுத்துப் போகணும். இறங்குவதைப் பற்றிக் கேட்டால், "அது ராப்பெல் பண்ணி வந்துடலாம்" என்று, அதாவது மேலே மாட்டிய கயிற்றில் தொங்கி இறங்கிவிடலாம் என்று, ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அந்த ஒரு வரிக்கு ஆறு மணி நேரம் ஆனது.

மலையைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஜாக்சன் ஊருக்கு வடக்கே இருக்கிறது. உயரம் 13,775 அடி, அதாவது 4,199 மீட்டர். கிழக்கே முன்குன்று எதுவும் கிடையாது. பள்ளத்தாக்கிலிருந்து நேராக எழும்பி நிற்கும். காரில் வரும்போதே முழு மலையும் கண்ணில் பட்டுவிடும், வயிற்றில் புளி கரைப்பதும் அங்கேயே ஆரம்பித்துவிடும். கல் 250 கோடி வருடத்துக்கும் மேல் பழையது. ஆனால் அது மலையாக மேலே வரத் தொடங்கி ஏறத்தாழ ஒரு கோடி வருடம்தான் ஆகிறது என்கிறார்கள். முனை மழுங்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

நாங்கள் ஏறியது எக்ஸம் ரிட்ஜின் மேல்பாதி. மலையின் தெற்கு முதுகு அது. அமெரிக்கப் பாறையேற்ற அளவுகோலில் தரம் 5.5. உள்ளரங்கச் சுவரில் சில மாதம் ஒழுங்காகப் பழகிய யாருக்கும் அந்தத் தரத்து அசைவுகள் வந்துவிடும். ஆனால் சுவரில் ஏறி முடித்தால் கீழே தண்ணீர் பாட்டில் இருக்கும். இங்கே லூபின் மெடோஸில் காரை விட்டுவிட்டு, ஐயாயிரம் அடி நடந்தே ஏறி லோயர் சேடில் எனும் கணவாய்க்குப் போக வேண்டும். அதற்கு மேலேயும் இரண்டாயிரம் அடி இருக்கிறது. இறங்குவது வேறு பக்கம்: மேற்கே, 1898-இல் ஸ்பால்டிங், ஓவன் ஆகியோரின் குழு உச்சிக்குப் போன வழி. இன்றும் அதற்கு ஓவன்-ஸ்பால்டிங் என்றுதான் பெயர்.

நான் சால்ட் லேக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். கூட வந்தது அலுவலகத்தில் பழக்கமான தம்பி ஒருவன், திருநெல்வேலிக்காரன். வார இறுதிகளில் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் கிரானைட் பாறைகளில் இரண்டு பேரும் சேர்ந்தே பழகியவர்கள். என்னைவிட நன்றாக ஏறுவான்; என்னைவிட அதிகமாகப் பேசுவான். மலையில் இரண்டாவதும் உதவும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகஸ்ட் கடைசி. நாங்கள் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மழை. கீழே மழையாகப் பெய்தது மேலே பனியாக விழுந்திருந்தது. இரவு தங்குவதற்கான அனுமதிச் சீட்டு வாங்க ஜென்னி லேக் ரேஞ்சர் நிலையத்துக்குப் போனபோது, அங்கிருந்த ரேஞ்சர் நிலவரத்தை விளக்கமாகச் சொன்னார். எக்ஸம் தெற்கு பார்த்தது, வெயில் பட்டுப் பெரும்பாலும் காய்ந்துவிட்டது. மேற்குப் பக்கம் நிழல், அங்கே ஐஸ் இன்னும் இருக்கிறது. கரடி திறக்க முடியாத சாப்பாட்டுப் பெட்டியும் மலம் எடுத்து வரும் பையும் எங்கள் கையில் வந்தன. இரண்டாவதைப் பார்த்துத் தம்பி முகம் சுளித்தான். அங்கே போய்வரும் கூட்டத்தைப் பார்த்த பிறகு அந்தப் பையின் அருமை அவனுக்கே விளங்கியது.

ஐஸ் என்று கேட்டதும் நாங்கள் செய்தது ஒன்றுதான். வழக்கமான 60 மீட்டர் கயிற்றோடு அதே நீளத்தில் மெல்லிய கயிறு இன்னொன்று. ஐஸில் காலால் இறங்க வேண்டிய இடங்களிலும் கயிற்றில் இறங்கிவிடலாம் என்ற எண்ணம். எடை கூடியது. "எடை குறைத்தால் வேகம், வேகம்தான் பாதுகாப்பு" என்று மந்திரம் போல் சொல்பவர்கள் உண்டு. நல்ல வானிலையில் சரி. இறங்கும் வழியில் ஐஸ் இருக்கும்போது இரண்டாவது கயிற்றை வீட்டில் விட்டுவிட்டு வருவதை வேகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

போட்ட திட்டம் இது. கார்னெட் கேன்யனின் மொரெய்ன் முகாமிலிருந்து அதிகாலை 3 மணிக்குக் கிளம்புவது. 6 மணிக்கு வால் ஸ்ட்ரீட் எனும் பாறைத் திண்ணை. 11 மணிக்கு உச்சி. மதியம் 12.30-க்குப் பெரிய ராப்பெல். 2.30-க்கு லோயர் சேடில். இரவுச் சாப்பாடு ஜாக்சனில். பிற்பகல் 2 மணிக்கு மேல் இடி மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. அதற்குள் பாறையை விட்டு வெளியே வந்துவிடுவோம் என்பது கணக்கு.

காலைப் பாகம் திட்டப்படியே போனது. ராத்திரி மார்மட் எனும் பெருத்த அணில் இன விலங்கு தம்பியின் நடைக்குச்சிப் பட்டையைக் கடித்துத் துப்பியிருந்தது, அவ்வளவுதான் சேதம். வியர்வை உப்புக்காகக் கடிக்கும். நடைக்குச்சி, பை, காலணி எல்லாவற்றையும் தொங்கவிட்டுத் தூங்குவது நல்லது. சேடிலுக்குக் கீழே செங்குத்தான இடத்தில் நிரந்தரமாகக் கட்டிய தடித்த கயிறு இருக்கிறது, அதைப் பிடித்து இருட்டிலேயே ஏறிவிட்டோம். சேடிலில் காற்று ஆளைத் தள்ளியது. கொண்டு போன புளியோதரையில் இரண்டு வாய் இறங்கியது. உயரத்தில் வாய் வறண்டுபோகும். காய்ந்த சக்தி பார்களை மென்று விழுங்குவதற்குள் உயிர் போய்விடும். புளிப்பும் எண்ணெயும் இருந்தால் உள்ளே போகிறது. கடலை மிட்டாயும் அப்படித்தான், எவ்வளவு குளிரிலும் பல்லை உடைக்காது.

6.10-க்கு வால் ஸ்ட்ரீட். பெயர் பெரிது, இடமும் பெரிதுதான். மலையின் மேற்குச் சுவரில் சாய்வாக மேலேறிப் போகும் அகலமான திண்ணை. ஆரம்பத்தில் நாலு பேர் கைகோத்து நடக்கலாம். போகப் போகக் குறுகி, முதுகு விளிம்பைத் தொடுவதற்குச் சில அடி முன்னால் அறுந்துபோய்விடும். அந்த இடைவெளியைத் தாண்டினால்தான் ரிட்ஜ். தாண்டும் அடி ஒன்றும் கஷ்டமில்லை, கைக்குப் பிடியும் நன்றாக இருக்கிறது. காலுக்குக் கீழே நூற்றுக்கணக்கான அடிக்கு எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

அங்கே எங்களுக்கு முன்னால் மூன்று குழுக்கள் நின்றன. இரண்டு பேர் குழு ஒன்று, வழிகாட்டியோடு வந்த குழுக்கள் இரண்டு. ஒவ்வொருவரும் இடைவெளியில் நின்று, மூச்சு விட்டு, பின்வாங்கி, மறுபடி முயன்று போனார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, அது அப்படிப்பட்ட இடம். ஆனால் நிழலில், காற்றில், ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. கையில் இருந்த எல்லாத் துணியையும் போட்டாயிற்று. பேச்சுக்குத் தம்பி இருந்தான். நானும் பங்குக்கு இந்த இடத்தின் கதையைச் சொன்னேன். 1931 ஜூலை 15 அன்று க்ளென் எக்ஸம் எனும் 20 வயது மாணவர் இதே திண்ணைக்குத் தனியாக வந்தார். வழிகாட்டி பால் பெட்ஸோல்ட்டுக்கு உதவியாளர் அவர். காலில் பெட்ஸோல்ட்டிடம் இரவல் வாங்கிய, அளவில் பெரிய கால்பந்து ஷூ. கயிறும் இல்லை. இடைவெளியை எட்டிப் பார்த்து, திரும்பிப் போய், மறுபடி வந்து, கடைசியில் ஒரே தாவாகத் தாவிவிட்டார். அதே நாளில் ராபர்ட் அண்டர்ஹில்லின் குழு இதே மலையின் தென்கிழக்கு முதுகை முதன்முதலாக ஏறியது தனிக் கதை. பெட்ஸோல்ட்டோ அதற்கு ஏழு வருடம் முன்னால், 16 வயதில், கவ்பாய் பூட்ஸோடு இந்த மலையை ஏறியவர்.

"அண்ணே, நம்ம ஷூவே இருநூறு டாலர். நாம வரிசையில நிக்கிறோம்" என்றான்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் முக்கியமான காரியம் ஒன்று நடந்தது. வால் ஸ்ட்ரீட்டின் விளிம்புதான் அந்த நாளைக் கைவிடக்கூடிய கடைசி இடம். அதுவரை வந்த வழியே நடந்து திரும்பலாம். தாண்டிவிட்டால், வீட்டுக்கு வழி உச்சி மேல்தான். மேலே இருந்து கயிறு போட்டு இறங்கித் தப்பிக்க முடியாது என்றில்லை. ஆனால் உச்சியைத் தாண்டிப் போவதைவிட அதற்கு அதிக நேரமும் அதிக சாமானும் ஆகும். அதனால் முதல் நாளே பேசி வைத்திருந்தோம்: 8 மணிக்குள் தாண்டவில்லை என்றால் திரும்பிவிடுவது, அங்கே நின்று விவாதம் கிடையாது.

"அண்ணே, எட்டாகப் போகுது. தாண்டினா போவோம், இல்லைன்னா இல்லை. எனக்கு வருத்தம் கிடையாது" என்று அவனே சொன்னான். இப்படிச் சொல்லக்கூடிய ஆளோடுதான் மலைக்குப் போக வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துட்டு" என்று ஆரம்பிக்கும் ஆளோடு கூடாது. 7.40-க்கு நான் இடைவெளியைத் தாண்டினேன். மூலை திரும்பியதும் முகத்தில் வெயில் அடித்தது. கல் பொன்னிறம். கை வைத்த இடத்தில் எல்லாம் சூடு. விரல்களுக்கு உணர்ச்சி திரும்பும்போது எரியும் பாருங்கள், அந்த எரிச்சலோடு நின்றுதான் தம்பிக்குக் கயிறு பிடித்தேன்.

கோல்டன் ஸ்டேர் எனும் அடுத்த பகுதி காய்ந்து கிடந்தது. குமிழ் குமிழாகப் பிடிகள். இந்த வழியை எல்லோரும் கொண்டாடுவதற்குக் காரணமே இந்த மாதிரி இடங்கள்தான். கஷ்டம் அதற்கு மேலே வரும் விண்ட் டனலில். பெயருக்கேற்ற இடுக்கு. வெயில் முழுசாக நுழையாது. முந்தைய பனி பகலில் உருகி, ராத்திரியில் மறுபடி உறைந்து, கல்லின் மேல் நிறமே இல்லாத படலமாக ஒட்டியிருந்தது. பார்த்தால் ஈரம் மாதிரித்தான் இருக்கும். கையுறையைக் கழற்றி நகத்தால் சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். கராபினர் எனும் உலோகக் கொக்கியால் தட்டினேன், சில இடத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்து விழுந்தது, சில இடத்தில் அசையவே இல்லை. அசையாத இடத்தில் கால் வைக்காமல் சுற்றிப் போக வழி தேட வேண்டும். வழக்கமாக அங்கே இருவரும் ஒரே நேரத்தில் கயிற்றோடு நகர்ந்துகொண்டே போய்விடுவார்கள். எங்கள் கணக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று ஒவ்வொரு கயிறு நீளத்துக்கும் நின்று, பாறையில் ஆங்கர் எனும் பிடிமானம் கட்டி, பிலே போட்டு, அதாவது ஒருவர் ஏற மற்றவர் கயிறு பிடித்து, ஏற வேண்டியிருந்தது. முக்கால் மணி நேர வேலை இரண்டு மணி நேரத்தை விழுங்கியது.

இங்கே ஒரு சின்ன விஷயம். காற்றில் குரல் கேட்காது. "பிலே ஆன்" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் முப்பது மீட்டர் தள்ளி எதுவும் போய்ச் சேராது. கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் இது, மூன்று தரம் இழுத்தால் அது என்று ஏற்பாடு செய்துகொள்பவர்கள் உண்டு. கயிறு கல்லில் உரசி வளைந்து போகும்போது இரண்டும் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு வேறு. முன்னால் போனவர் ஆங்கர் கட்டிய பிறகு மிச்சக் கயிற்றை எல்லாம் இழுத்துவிடுவார். கயிறு என் இடுப்பில் இறுகியதும் நான் முப்பது எண்ணுவேன். அதற்குள் அவர் பிலே கருவியில் கயிற்றை மாட்டியிருப்பார். பிறகு ஓரடி மேலே ஏறிப் பார்ப்பேன். தளர்ந்த கயிறு உடனே மேலே போனால் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். போகவில்லை என்றால் ஆங்கரைக் கழற்றாமல் அங்கேயே நிற்பேன்.

ஃப்ரிக்‌ஷன் பிட்ச் அன்றைக்கு எங்களைச் சோதிக்கவில்லை. வழவழப்பான சாய்வுப் பாறை, கேம் வைக்க இடம் குறைவு, ஆனால் சுத்தமாகக் காய்ந்திருந்தது. தம்பி முன்னால் போய் நிதானமாக முடித்தான். எனக்கு அங்கே வேறு ஞாபகம். 2003 ஜூலை 26 அன்று இந்த இடத்தில் இருந்த ஒரு பெரிய குழுவின் மேல் மின்னல் விழுந்தது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். ரேஞ்சர்கள் ஹெலிகாப்டரில் கயிற்றில் தொங்கி வந்து மற்றவர்களை இறக்கினார்கள். 2010 ஜூலை 21 அன்று மறுபடியும் மின்னல். மலையின் மேல்பகுதியில் மூன்று குழுக்களில் 17 பேர் இருந்தார்கள். ஒருவர் உயிரிழந்தார், 16 பேரை அன்று ஒரே நாளில் மீட்டார்கள்.

எக்ஸம் வழியில் ஒரு சிக்கல் உண்டு. புயல் பெரும்பாலும் மேற்கே ஐடாஹோ பக்கமிருந்து வரும். மேற்கு வானத்தை மலையே மறைத்துக்கொண்டிருக்கும். தலைக்கு மேல் நீலமாக இருக்கிறதே என்று ஏறிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பக்கம் வானம் கறுத்திருக்கும். அதனால் ரிட்ஜின் இடது ஓரத்துக்குப் போக வாய்க்கும்போதெல்லாம் மேற்கே எட்டிப் பார்ப்பதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டோம். V பிட்ச் எனும் அடுத்த பகுதி முடிந்து எட்டிப் பார்த்தபோது மணி 12.15. தொலைவில் மேகங்கள் மேல்நோக்கி வளரத் தொடங்கியிருந்தன. அகலமாகப் பரவும் மேகத்தைவிட உயரமாக வளரும் மேகத்துக்குத்தான் பயப்பட வேண்டும். சாப்பாட்டை ரத்து செய்தோம். கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தோம்.

1.30-க்கு உச்சி. இரண்டரை மணி நேரம் தாமதம். படம் ஒன்று எடுத்தோம். அதில் தம்பி கண்ணை மூடியிருக்கிறான், இன்னொன்று எடுக்கவில்லை.

மேற்குப் பக்கம் நாலு எட்டு இறங்கியதும் வேறு பருவத்துக்குள் வந்துவிட்டோம். ஏறிய பக்கத்தில் ஆகஸ்ட், இந்தப் பக்கம் நவம்பர். படிப்படியான பாறைத் தளங்கள் எல்லாவற்றிலும் பழைய பனி, அதற்குக் கீழே ஐஸ். காய்ந்திருந்தால் கையை வீசிக்கொண்டு இறங்கும் இடம். அங்கே உட்கார்ந்து, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, ஒருவர் நகர மற்றவர் கயிறு பிடித்து, அடி அடியாக இறங்கினோம்.

ரேஞ்சர் சொன்ன ஐஸ் எங்களுக்கு ஆச்சரியம் தரவில்லை. அதற்குத்தானே இரண்டாவது கயிறு. கணக்கில் வராதது வேறொன்று: அந்த ஐஸ் எங்களுக்கு மட்டும் இல்லை. மலையில் அன்றிருந்த எல்லோரும் அதே வழியாகத்தான் இறங்க வேண்டும், எல்லோருக்கும் அதே தாமதம். சார்ஜெண்ட்ஸ் சிம்னி எனும் இடுக்கின் தலையில் வந்து நின்றபோது எங்களுக்கு முன்னால் ஏழு பேர். ஐஸ் இல்லாத நாளில் பாதிப்பேர் அதைக் கயிறில்லாமலே இறங்கிவிடுவார்கள். அன்று எல்லோருக்கும் கயிறு வேண்டும்.

அப்போது மேற்கே முதல் இடி கேட்டது. மின்னலைப் பார்த்து எண்ணினேன், நாற்பதைத் தாண்டியது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூன்று நொடி, ஆக 13 கிலோமீட்டருக்கு அப்பால். முப்பதுக்குள் வந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொது விதி ஒன்று சொல்வார்கள். அது வீட்டுக்குள் ஓடக்கூடியவர்களுக்கான விதி. இங்கே செய்யக்கூடியது முகட்டை விட்டுக் கீழே போய்க்கொண்டே இருப்பதுதான். அதுவும் முடியாதபோது, ஆளுக்கு ஆள் தள்ளி, பையின் மேல் குந்தி உட்காருவது. குகை மாதிரித் தெரியும் ஆழமில்லாத பொந்துகளுக்குள் ஒதுங்கக் கூடாது. பாறையின் மேல் ஓடிவரும் மின்சாரம் அந்த வாயைத் தாண்டும்போது உள்ளே இருப்பவர் வழியாகப் பாயலாம்.

வரிசையைச் சுருக்கியது ஒரு வழிகாட்டி. தன் கயிற்றைப் போட்டுவிட்டு, "எல்லோரும் இதிலேயே இறங்குங்கள், யாரும் தனித்தனியாகக் கயிறு போட வேண்டாம்" என்றார். ஒவ்வொரு குழுவும் கயிறு போட்டு, இறங்கி, உருவி எடுக்க ஆகும் நேரத்தில் முக்கால்வாசி மிச்சமானது. முன்பின் தெரியாதவர்களிடம் இப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ராப்பெல் இடத்தில் கூட்டம் சேர்ந்தால் கூச்சத்தை விட்டுவிட்டு முதலில் கேட்க வேண்டியதே இதைத்தான். ஆனால் இடுக்குக்குக் கீழே அவர் தன் ஆட்களோடு முன்னால் போய்விட்டார். பெரிய ராப்பெலில் நாங்கள் தனி. பின்னால் கொலராடோவிலிருந்து வந்த இரண்டு பெண்கள்.

பெரிய ராப்பெல் சுமார் 120 அடி. கீழ்ப்பகுதி உள்வாங்கியிருப்பதால் கால் பாறையில் படாமல் தொங்கிக்கொண்டே இறங்க வேண்டும். ஜவ்வரிசி மாதிரி வெள்ளைப் பனிமணிகள் விழ ஆரம்பித்திருந்தன. தலைக்கவசத்தில் பட்டுத் தெறித்துக் கழுத்துக்குள் போயின. இரண்டு கயிற்றையும் முடிச்சுப் போட்டு இணைத்தோம். நுனிகளில் தடுப்பு முடிச்சு. "நீலம் இழுக்கணும், நீலம்" என்று இருவரும் உரக்கச் சொல்லிக்கொண்டோம். எந்தக் கயிற்றை இழுப்பது என்பதை மேலே இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்லது. மாற்றி இழுத்தால் இணைப்பு முடிச்சு வளையத்தில் போய் மாட்டிக்கொள்ளும், கீழே வந்த பிறகு நினைவை நம்ப முடியாது. தம்பி முதலில் இறங்கினான். நான் மேலே இருக்கும்போதே நீலத்தைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தான்; நகர்ந்தது. சரி என்று நானும் இறங்கினேன். தடுப்பு முடிச்சுகளை அவிழ்த்தோம், இழுத்தோம். நன்றாகத்தான் வந்தது. மற்ற நுனி மேலே போய் வளையத்தைத் தாண்டி விழும் நேரத்தில் காற்று அதைச் சுழற்றி அடித்தது. எங்கேயோ ஒரு பிளவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேல் ஓர் அடி வரவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் கை முதலில் செய்ய நினைப்பது பலம் கொண்ட மட்டும் இழுப்பது. இழுக்க இழுக்க நுனி பிளவுக்குள் இன்னும் இறுகும். மெதுவாகத் தளர்த்தி, அலை மாதிரி உதறிப் பார்த்தோம். பக்கவாட்டில் நடந்து வேறு கோணத்தில் இழுத்தோம். ஊஹூம். "அண்ணே, நான் கயிறைப் பிடிச்சு ஏறி எடுத்துட்டு வரவா?" என்றான். கூடாது. மேலே எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாத கயிற்றில் ஒருநாளும் ஏறக் கூடாது. மூன்றாவது இழுப்பில் அது விடுபட்டால், கயிறும் ஆளும் சேர்ந்து வருவார்கள். எங்களுக்கு அந்த ராப்பெல்தான் கடைசி. கயிறை அங்கேயே விட்டுவிட்டு நடந்துவிடலாம், பணம்தான் நஷ்டம். அதோடு, பின்னால் ஆள் இருக்கிறார்கள். ஒதுங்கி உட்கார்ந்து, இருந்த எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு காத்திருந்தோம்.

நாற்பது நிமிடம். அந்தப் பெண்களில் ஒருவர் தங்கள் கயிற்றில் இறங்கி வரும்போதே பக்கமாகக் காலால் உந்திப் போய், பிளவில் இருந்த நுனியை ஒரு விரலால் எடுத்துவிட்டார். அவ்வளவுதான் வேலை. கடலை மிட்டாய் பாக்கெட்டை அப்படியே கொடுத்தோம். நாலு பேரும் அங்கேயே நின்று தின்றோம். இடி வடக்கே நகர்ந்துபோயிருந்தது. எங்கள் மேல் அது வரவே இல்லை. அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது.

மணி ஐந்து. கால் தரையில் பட்டதும் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். ராப்பெல் முடியும் மேல் கணவாயான அப்பர் சேடிலிலிருந்து லோயர் சேடில் வரைக்கும் உள்ள சரளைச் சரிவு அந்த நினைப்பில்தான் ஆளை வாங்குகிறது. பள்ளங்கள் பல, பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். மேற்கே இறங்கும் பள்ளம் ஒன்றுக்கு ஐடாஹோ எக்ஸ்பிரஸ் என்று கேலிப்பெயர். அதில் வழுக்கி உயிர்விட்டவர்கள் உண்டு. காலையில் இருட்டில் ஏறியவர்களுக்கு வழி நினைவிருக்காது. நாங்கள் ஏறும்போது சில திருப்பங்களில் நின்று, தலைவிளக்கோடு பின்னால் திரும்பிப் பார்த்துப் படம் எடுத்து வைத்திருந்தோம். இறங்கும்போது போனில் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து வந்தோம். கொலராடோப் பெண்களும் கூடவே வந்தார்கள். 7.30-க்கு லோயர் சேடில்; அங்கிருந்து முகாம் வரை தலைவிளக்கு.

வீட்டில் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்: இரவு 10 மணி வரை செய்தி வராவிட்டால் ரேஞ்சர் அலுவலகத்தைக் கூப்பிடு. செயற்கைக்கோள் செய்திக் கருவியில் "தாமதம், ஆனால் நலம்" என்ற வாசகத்தைக் கிளம்புவதற்கு முன்பே ஏற்றி வைத்திருந்தேன். உறைந்த விரலால் எழுத்துத் தேடித் தட்ட வேண்டியதில்லை, ஒரு பொத்தான் போதும். ராப்பெலுக்குக் கீழே காத்திருந்தபோதே அதை அனுப்பியாயிற்று. வீட்டில் இருப்பவரிடம் கெடு நேரம் சொல்லும்போது திட்ட நேரத்தைச் சொல்லாதீர்கள். திட்டம் மாலை என்றால் கெடு இரவு பத்து. இடையில் இருக்கும் அவகாசம்தான் தேவையில்லாத ஹெலிகாப்டரைக் கிளம்ப விடாமல் தடுக்கும்.

அதற்குப் பிறகு நான் நேரக் கணக்கைக் கடைசியிலிருந்து போடுகிறேன். சூரியன் மறைவது 8 மணி. பாறை முடிந்து நடைபாதைக்கு அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட வேண்டும். இறங்குவதற்கு எவ்வளவு? காய்ந்த நாளில் ஆகும் நேரத்தை எழுதிக்கொண்டு, நிழல் பக்கத்தில் ஐஸ் உள்ள பகுதிக்கு மட்டும் இரண்டு மடங்கு. வழியில் எல்லோரும் சேரும் ஒரே ராப்பெல் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் உச்சிக்கு ஒரு நேரம் கிடைக்கும், அதற்குப் பின்னால் திரும்பும் இடத்துக்கு ஒரு நேரம். நாங்கள் வால் ஸ்ட்ரீட்டுக்கு வைத்த 8 மணி, ஏறும் வேகத்தை வைத்துப் போட்டது. இப்படிக் கணக்குப் போட்டால் அன்றைக்கு 7 மணி என்று வரும். தம்பி இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஏழரை என்கிறான், வழக்கு இன்னும் முடியவில்லை.

கயிறு விஷயத்தில் இருவருக்கும் கருத்து ஒன்றுதான். ஒற்றை 60 மீட்டர் கயிற்றை மட்டும் நம்பி இந்த மலைக்குப் போகிறவர்கள், பெரிய ராப்பெலுக்கு அது போதுமா, எந்த ஆங்கரிலிருந்து, எந்தப் பக்கம் இறங்கினால் போதும் என்பதை ஜென்னி லேக் நிலையத்தில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். சீட்டு வாங்கும்போது பத்து நிமிடம் கூடுதலாக நின்றால் போதும். ஏறும் வழியைப் பற்றி அவர்களாகவே சொல்லிவிடுவார்கள், இறங்கும் வழியை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.